மலை ஏறினால் மட்டும் பிக்கப்பில் ‘டப்’: பதினோராயிரம் போயும் சத்தம் போகவில்லை

கம்பம் லோடு
ஞாயிறு, இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். கம்பத்திலிருந்து குமுளி, கட்டப்பனை பக்கம் காய்கறி ஏற்றிப் போகிறேன். வண்டி 2017 மாடல் டீசல் பிக்கப். செகண்ட் ஹேண்டில் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பாதிப் பேர் சத்தத்தை விட்டுவிட்டுக் கம்பெனியைப் பிடித்துக்கொள்வீர்கள்.

சின்னமனூர், தேனி என்று கீழே எங்கே போனாலும் வண்டி பூனை மாதிரி போகும். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏற ஆரம்பித்தால் மட்டும் ‘டப்’. மரச்சுத்தியலால் தகரத்தில் ஒரே ஒரு போடு போட்டது மாதிரி. குமுளி போய்ச் சேருவதற்குள் நான்கைந்து தடவை கேட்கும். இறங்கும்போதும் உண்டு, ஆனால் குறைவு. ஸ்டியரிங் பக்கம் இருந்துதான் வருகிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதுவரை கீழ் பால் ஜாயின்ட் இரண்டு பக்கமும் மாற்றியாச்சு. ஸ்டெபிலைசர் லிங்க் மாற்றியாச்சு. முன் ஷாக் அப்சர்பர் இரண்டும் புதுசு. அலைன்மென்ட் பார்த்தாச்சு. மொத்தம் 11,400 ரூபாய். சத்தம் அப்படியே இருக்கிறது. பட்டறையில் விட்டால் பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு “ஒண்ணும் இல்லையேண்ணே” என்கிறார்கள். எங்கள் அம்மா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னார். அதுவும் ஆச்சு. அடுத்து என்ன மாற்றுவது?

தேங்காய் டிரிப்
ஞாயிறு, இரவு 9.41

சிவி ஜாயின்ட் அவுட், அதாவது முன்சக்கரத்தைச் சுழற்றுகிற அச்சின் மூட்டு. வளைவில் சத்தம் என்றாலே அதுதான். என் மச்சான் காரில் இதே கதை, மாற்றியதும் நின்றுவிட்டது.

பழைய டீசல்
ஞாயிறு, இரவு 10.15

மச்சானுடையது முன்சக்கரம் இழுக்கிற கார். தம்பியுடையது பின்சக்கரம் இழுக்கிற பிக்கப். இதில் முன்னால் சிவி ஜாயின்டே கிடையாது, எங்கிருந்து போகும்? அதோடு சிவி ஜாயின்ட் தேய்ந்தால் ஒற்றை ‘டப்’ வராது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது, சக்கரம் சுற்றுகிற வேகத்துக்கு டக், டக், டக் என்று கோர்வையாக வரும்.

கம்பம் தம்பி, அடுத்து என்ன மாற்றுவது என்று கேட்டீர்கள். ஒன்றும் மாற்றாதீர்கள். பர்ஸை மூடி வையுங்கள். முப்பது வருடம் பஸ் டெப்போவில் அடியில் படுத்து எழுந்தவன் சொல்கிறேன், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று டிரைவர் சொல்வதை நான் நம்பவே மாட்டேன். டிரைவரைக் குறை சொல்லவில்லை. சேஸ் என்பது வண்டியின் அடிச்சட்டம், முழு நீளத்துக்கும் ஒரே இரும்பு. காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் போனால் இரும்பில் 5,000 மீட்டர் போகும். பின் ஸ்பிரிங் பட்டையில் அடித்த சத்தம் சேஸ் வழியாக ஓடி வந்து உங்கள் கால் மாட்டில்தான் வெளியே வரும். காதுக்கு ஸ்டியரிங் பக்கம் என்றுதான் தோன்றும். உங்கள் பதினோராயிரமும் அப்படிப் போனதுதான்.

எப்போது வருகிறது என்று சொல்லுங்கள், அதை நம்புகிறேன். லோடோடு எத்தனை, காலி வண்டியில் எத்தனை? இடது வளைவிலா, வலது வளைவிலா, இரண்டிலுமா? நேர் ரோட்டில் உண்டா? பிரேக் மிதிக்கும்போதா, கிளட்சை விடும்போதா, எதையும் தொடாதபோதா? கியர் மாற்றும் நேரத்தோடு சேர்ந்து வருகிறதா? காலையில் முதல் டிரிப்பிலா, வண்டி சூடேறின பிறகா? இன்னொன்று, சத்தம் ஆரம்பிப்பதற்கு முன்னால் வண்டியில் என்ன வேலை நடந்தது? பஞ்சர் ஒட்டியதாக இருந்தாலும் சொல்லுங்கள்.

கம்பம் லோடு
ஞாயிறு, இரவு 10.32

அண்ணே, முந்தி ஒரு வேலையும் நடக்கவில்லை. புரட்டாசியில் தானாக ஆரம்பித்தது. மற்றதெல்லாம் நாளைக் காலை டிரிப்பில் கவனித்துச் சொல்கிறேன்.

செங்கோட்டை பட்டறை
திங்கள், காலை 6.50

வணக்கம். நாங்கள் ஆரியங்காவு வழியாகப் புனலூர் போகிற வண்டிகளைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறோம். மலைச் சத்தம் எங்களுக்குப் புதிதில்லை. பழைய டீசல் அண்ணாச்சி கேட்ட கேள்விகளோடு, வண்டி நிற்கும்போதே செய்யக்கூடிய சில சோதனைகளையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இன்ஜினைக் கழித்துவிடுங்கள். இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசிந்தால் டீசல் வண்டியில் ‘சப் சப்’ என்று சத்தம் வரும். ஆனால் அது ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும், ஒரு தடவை அடித்துவிட்டு ஓயாது. இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கருப்பாகப் படிந்திருந்தால் அது வேறு வழக்கு.

இன்ஜின் இழுவையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாப்ட் அடுத்தது. சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, அடியில் போய் ஷாப்டைக் கையால் முறுக்குங்கள். ஷாப்ட் மூட்டில் இருக்கும் கிராஸில் ஆட்டம் இருந்தால் கைக்கே தெரியும். நடு பேரிங் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நிறையப் பேர் மறப்பது ஸ்பிளைன், ஷாப்டின் இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று நழுவுகிற பல். வண்டி நின்று புறப்படும்போது ஷாப்ட் கொஞ்சம் நீண்டு சுருங்க வேண்டும். அந்தப் பல்லில் கிரீஸ் வறண்டால் சிக்கி நின்று, சட்டென்று வழுக்கும். அப்போது ஒரே ஒரு ‘டங்’. ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தால் கட்டாயம் வரும். மருந்து கிரீஸ்தான், ஐம்பது ரூபாய் வேலை.

கடைசியாகப் பின் பட்டை. பட்டையைப் பின் அச்சின் ஹவுசிங்கோடு சேர்த்துக் கட்டுகிற யூ போல்ட் தளர்ந்திருந்தால் பிரேக்கிலும் இழுவையிலும் ஹவுசிங் முன்னும் பின்னும் நழுவி அடிக்கும். பட்டைகளை நடுவில் கோக்கிற சென்டர் போல்ட் உடைந்திருந்தால் இன்னும் மோசம், ஹவுசிங்கே ஒரு பக்கம் தள்ளிப் போய் வண்டி நண்டு மாதிரி ஓடும். பட்டையின் நுனியில் இருக்கும் ஷாக்கிள் புஷ் தேய்ந்தால் குழியில் இறங்கும்போது வரும். உங்கள் யூ போல்ட்டைக் கடைசியாக யார், எப்போது டைட் வைத்தார்கள்?

தேங்காய் டிரிப்
திங்கள், காலை 7.30

எளிய வழி ஒன்று சொல்கிறேன். இறக்கத்தில் இன்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரலில் விடுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் இன்ஜின், கியர் இரண்டும் கழிந்தது.

ஏலக்காய்
திங்கள், காலை 7.34

யாரும் இதைச் செய்யாதீர்கள். நான் குமுளியில் இருக்கிறேன், அந்த இறக்கத்தில் என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறேன். இன்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் போச்சு. இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். அடுத்த கொண்டை ஊசியில் எதிரே பஸ் வந்தால் என்ன செய்வீர்கள்? சோதனை எல்லாம் சமதளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் மலை வழக்கம்.

தேங்காய் டிரிப்
திங்கள், காலை 7.50

சரி சரி, தப்புத்தான். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகிறவனுக்கு மலை எங்கே தெரியும்? எங்களுக்குக் கணவாய், நேர் ரோடு. தேங்காய் உருண்டாலும் பாலக்காட்டில்தான் போய் நிற்கும்.

கம்பம் லோடு
திங்கள், மாலை 4.10

இன்று எழுதிவைத்துக்கொண்டே ஓட்டினேன். பக்கத்தில் தம்பியை உட்காரவைத்து அவன் கையில் நோட்டு.

ஏறும்போது லோடு சுமார் 1,100 கிலோ, முட்டைக்கோஸ், கத்தரி, கொஞ்சம் வாழைத்தார். மொத்தம் ஐந்து சத்தம். நான்கு, கொண்டை ஊசி வளைவுக்குள். இடதிலும் உண்டு, வலதிலும் உண்டு. வளைவில் நுழையும்போது இல்லை. முன்சக்கரம் மேலே ஏறி, பின்சக்கரம் இன்னும் கீழே இருக்கும்போதுதான். பிரேக் மிதிக்கவில்லை, கியர் மாற்றவில்லை, செகண்டிலேயே இழுத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது மட்டும் கிட்டத்தட்ட நேர் ரோட்டில்.

இறங்கும்போது காலி வண்டி. இரண்டு சத்தம். இரண்டுமே வளைவில் இல்லை, நேரில். இதில் தம்பி ஒன்று சொன்னான், இவை ‘டப்’ இல்லையாம், ‘டொப்’பாம். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நின்று எடுத்தபோது ஒரு தடவைகூட வரவில்லை. செங்கோட்டைக்காரர் சொன்ன மாதிரி ஷாப்டை முறுக்கிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. இருந்தாலும் கிரீஸ் அடித்துவிட்டேன்.

போடி மெட்டு 17
திங்கள், மாலை 5.05

அண்ணே, இரண்டு போன் இருந்தால் போதும். ஒன்றை முன் சக்கரத்துக்கு மேலே பானெட்டுக்குள் சூடு படாத இடத்தில், இன்னொன்றை லோடு ஏற்றுகிற தொட்டிக்கு அடியில் பின் பட்டை பக்கம் சேஸில், துணி சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். இரண்டிலும் ஒலிப்பதிவை ஓட விட்டு, புறப்படும்போது ஹாரனை ஒரு தடவை அடியுங்கள். வீட்டுக்கு வந்து இரண்டு பதிவையும் அந்த ஹாரனில் சேர்த்துவைத்துக் கேட்டால், எந்தப் பதிவில் ‘டப்’ பெரிதாக விழுந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் ஆள். என் ஊர் மெட்டில் பதினேழு வளைவு ஏறி இறங்கி என் பைக் சத்தத்தை இப்படித்தான் பிடித்தேன்.

பழைய டீசல்
திங்கள், மாலை 6.20

போன் யோசனை நன்றாக இருக்கிறது, எங்கள் காலத்தில் ஸ்பேனரைக் காதில் வைத்துக்கொண்டு ஓடினோம். ஆனால் அதற்கு முன்னால், தம்பி எழுதினதை மறுபடி படித்தேன். இரண்டு விஷயம் தெரிகிறது.

ஒன்று, உங்கள் வண்டியில் இரண்டு சத்தம் இருக்கிறது. நோட்டு வைத்திருந்த தம்பி காது சரி, உங்கள் காது சரியில்லை. வளைவில் லோடோடு வருவது ஒன்று. நேரில் எப்போது வேண்டுமானாலும் வருவது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் எந்தக் காரணமும் பொருந்தாது. பட்டறைக்காரர்கள் குழம்பியதில் வியப்பில்லை.

இரண்டு, வளைவுச் சத்தம் சேஸ் முறுக்கலில் வருகிறது. கொண்டை ஊசியின் உள்பக்கம் செங்குத்தாக இருக்கும், வெளிப்பக்கம் படுத்திருக்கும். அதில் ஏறும்போது முன்சக்கரம் இரண்டும் ஒரு சாய்வில், பின்சக்கரம் இரண்டும் வேறு சாய்வில். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி சேஸ் முறுக்கும். முறுக்குவதற்காகவே ஏணி மாதிரி செய்திருக்கிறார்கள், அது தப்பில்லை. அந்த முறுக்கலில் எது வழுக்குகிறது என்பதுதான் கேள்வி. யூ போல்ட்டாக இருக்கலாம், கேபின் மவுன்ட் ரப்பராக இருக்கலாம், தொட்டி போல்ட்டாக இருக்கலாம், குறுக்குச்சட்டத்தில் ரிவிட் தளர்ந்திருக்கலாம். பால் ஜாயின்ட்டுக்கு இதில் வேலையே இல்லை. சமதளத்தில் வராமல் வளைவில் மட்டும், அதுவும் லோடில் மட்டும் வருகிற சத்தத்தைக் கம்பம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஓட்டிப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

ஏலக்காய்
திங்கள், இரவு 8.00

கம்பம்மெட்டு வழியாகப் போனாலும் வருகிறதா? ஐயப்ப சீசனில் ஒருவழிப் பாதை ஆக்கும்போது அந்தப் பக்கம்தானே ஏறியிருப்பீர்கள்.

கம்பம் லோடு
திங்கள், இரவு 8.12

ஆமாம், அங்கேயும் வந்தது. அப்போது ரோடு மோசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணே, இன்னொன்று சொல்ல வேண்டும். சொன்னால் சிரிப்பீர்கள் என்றுதான் சொல்லாமல் இருந்தேன். குமுளியில் வண்டியை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தபோது, இன்ஜின் ஆஃப், சாவி என் கையில், கேபினுக்குள்ளிருந்து ‘டப்’ என்று கேட்டது. ஒரு தடவை இல்லை, போன மாதத்தில் இரண்டு தடவை. வீட்டு வாசலில் நிற்கும்போதும் ராத்திரியில் கேட்டதாக என் மனைவி சொல்கிறாள். எலுமிச்சம்பழம் அதற்காகத்தான்.

செங்கோட்டை பட்டறை
திங்கள், இரவு 8.30

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு நாள் மிச்சம் அண்ணாச்சி. நிற்கிற வண்டியில், ஆள் இல்லாமல், பாரம் மாறாமல் எந்த ஜாயின்ட்டும் அடிக்காது. சீட்டுக்குப் பின்னால் என்னென்ன வைத்திருக்கிறீர்கள்?

கம்பம் லோடு
திங்கள், இரவு 8.41

ஜாக்கி, லெவர், தார்ப்பாய், கயிறு, ஒரு பழைய செருப்பு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஒரு எண்ணெய் டின்னில். பதினைந்து கிலோ டின், வாயில் திருகு மூடி பற்றவைத்தது. பாதி தண்ணீர் இருக்கும்.

போடி மெட்டு 17
திங்கள், இரவு 8.44

அண்ணே!!! மூடியை இறுக்கித்தான் மூடுவீர்களா?

கம்பம் லோடு
திங்கள், இரவு 8.46

பின்னே? தண்ணீர் கொட்டிச் சீட்டு நனையுமே. மேலே போய் முகம் கழுவிவிட்டு மறுபடி இறுக்கித் திருகிவிடுவேன்.

போடி மெட்டு 17
திங்கள், இரவு 9.10

பேய் அந்த டின்தான்.

கம்பம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர், குமுளி ஏறக்குறைய 880. நூறு மீட்டர் ஏறினால் வெளியே காற்றழுத்தம் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே குறையும். ஆக, நீங்கள் மேலே போய்ச் சேரும்போது வெளிக்காற்று சுமார் ஐந்து சதவீதம் இளைத்திருக்கும். டின்னுக்குள் இருப்பதோ கம்பத்துக் காற்று. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிராம் எடை மாதிரி உள்ளிருந்து தள்ளும். அது என்ன பிரமாதம் என்று தோன்றும். டின்னின் ஒரு பக்கம் 23 சென்டிமீட்டருக்கு 35 சென்டிமீட்டர், சுமார் 800 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் 40 கிலோ! ஒரு தகரத் தட்டின் மேல் முட்டைக்கோஸ் மூட்டையைத் தூக்கி வைத்த மாதிரி. கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் ‘டப்’ என்று வெளியே புடைக்கும். மேலே மூடியைத் திறந்து மூடினால் குமுளிக் காற்று உள்ளே அடைபடும். இறங்கும்போது வெளியே அழுத்தம் கூடும், பக்கம் உள்ளே ஒடுங்கும், அதுதான் உங்கள் தம்பி சொன்ன ‘டொப்’. டீக்கடை வாசலில் வெயிலில் கேபின் சூடானால் ஒரு டப், வீட்டு வாசலில் ராத்திரி குளிர்ந்தால் ஒரு டொப்.

ஏலக்காய்
திங்கள், இரவு 9.18

அடப்பாவி! எங்கள் ஊர்க் கடைகளில் கீழேயிருந்து வருகிற சிப்ஸ் பாக்கெட்டெல்லாம் தலையணை மாதிரி உப்பித் தொங்கும், தினமும் பார்க்கிறேன். எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

தேங்காய் டிரிப்
திங்கள், இரவு 9.25

பதினோராயிரம் ரூபாய்க்கு எண்ணெய் டின்னா?

பழைய டீசல்
திங்கள், இரவு 9.50

அவசரப்படாதீர்கள். டின் போனால் நேர்ரோட்டுச் சத்தம் போகும். வளைவில் லோடோடு வருகிற நான்கு சத்தத்துக்கு டின் பதில் சொல்லாது. டின்னுக்கு எந்த வளைவு எப்படித் தெரியும்? தம்பி, நாளை டின்னை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மிச்சம் என்ன கேட்கிறது என்று எழுதுங்கள். அதோடு ஒரு வேலை. சுண்ணாம்புக் கட்டியோ வெள்ளை பெயின்டோ எடுத்துக்கொண்டு, லோடு ஏற்றின பிறகு அடியில் போய், ஒவ்வொரு போல்ட்டிலும் நட்டிலிருந்து சேஸ் வரை ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். யூ போல்ட், கேபின் மவுன்ட், தொட்டி போல்ட், ஒன்று விடாமல். எது நகர்கிறதோ அங்கே கோடு ஒடிந்திருக்கும்.

பட்டைக்காரன்
செவ்வாய், காலை 6.05

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? பின் பட்டை முழுக்கப் பழைய இன்ஜின் ஆயிலைப் பூசிவிடுங்கள். பாதிச் சத்தம் பட்டைக்குப் பட்டை உரசுவதுதான். நாங்கள் எல்லா லாரிக்கும் அடிக்கிறோம்.

செங்கோட்டை பட்டறை
செவ்வாய், காலை 6.40

அண்ணாச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பட்டை உரசினால் வருவது கிறீச், டப் இல்லை. ஆயில் பூசினால் இரண்டு நாள் அமைதியாக இருக்கும், அப்புறம் மண்ணும் தூசியும் ஒட்டி உப்புத்தாள் மாதிரி பட்டையைத் தின்னும். அந்த ஆயில் வழிந்து ஷாக்கிள் புஷ்ஷில் இறங்கினால் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். பட்டையைக் கழற்றிக் கம்பிப் பிரஷ் போட்டு, கிராஃபைட் கிரீஸ் தடவிக் கட்டுவதுதான் முறை. நோய் தெரியாமல் சத்தத்தை மட்டும் அமுக்கினால், யூ போல்ட் தளர்ந்திருந்தாலும் தெரியாமல் போய்விடும்.

பட்டைக்காரன்
செவ்வாய், காலை 6.58

இருபது வருடமாக அடிக்கிறோம், ஒரு வண்டியும் விழவில்லை.

செங்கோட்டை பட்டறை
செவ்வாய், காலை 7.02

சந்தோஷம்.

கம்பம் லோடு
செவ்வாய், இரவு 7.30

டின் இல்லாமல் போனேன். நேர் ரோட்டில் ஒரு சத்தமும் இல்லை. இறக்கத்தில் முழு அமைதி. வளைவில் மட்டும் மூன்று தடவை ‘டப்’. பெரியவர் கணக்கு அப்படியே சரியாக வந்தது.

மேலே லோடு இறக்கும் முன் அடியில் போய்ப் பார்த்தேன். யூ போல்ட் கோடு எல்லாம் நேராக இருக்கிறது. கேபின் மவுன்ட் நேர். தொட்டியில் இடது பக்கம் மூன்றாவது போல்ட்டில் கோடு ஒடிந்திருக்கிறது, நூல் அளவு இல்லை, அரை விரல் அளவு. அதன் நேர் எதிரே வலது பக்கமும் கொஞ்சம். போல்ட்டைச் சுற்றிச் செங்கல் பொடி மாதிரி சிவப்பாகத் தூள் கொட்டியிருக்கிறது. போன் சோதனையும் செய்தேன், பின் போனில்தான் சத்தம் பெரிதாகக் கேட்கிறது. முன் போனில் இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது.

பழைய டீசல்
செவ்வாய், இரவு 7.55

அந்தச் சிவப்புத் தூள்தான் சாட்சி. இரும்பும் இரும்பும் இறுக்கமில்லாமல் உரசினால் துரு இப்படித் தூளாக உதிரும். இறுகி நிற்கிற போல்ட்டில் வராது.

நடப்பது இதுதான். சேஸ் முறுக்கும், தொட்டி பெட்டி மாதிரி இருப்பதால் அதனால் முறுக முடியாது. நடுவே ரப்பர் பேடும் போல்ட்டும் இரண்டையும் சமாதானம் செய்துவைக்க வேண்டும். ரப்பர் செத்து, போல்ட் தளர்ந்துவிட்டால் லோடின் எடை தொட்டியை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்திருக்கும். முறுக்கு அதை மீறும்போது தொட்டி சட்டென்று வழுக்கும், டப். காலி வண்டியில் அழுத்திப் பிடிக்க எடை இல்லை, அதனால் ஓசையில்லாமல் நழுவிவிடும்.

தொட்டியைக் கழற்றி எப்போதாவது வேலை நடந்ததா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.

கம்பம் லோடு
செவ்வாய், இரவு 8.20

அண்ணே... ஆவணியில் தொட்டித் தரை தகரம் ஓட்டை விழுந்து, தொட்டியைத் தூக்கி அடியில் பற்றவைத்தோம். அதை நான் ‘வண்டி வேலை’ என்றே நினைக்கவில்லை, அது பாடி வேலை இல்லையா? பழைய போல்ட்டையே போட்டுத் திருகினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பழைய டீசல்
செவ்வாய், இரவு 8.24

ஆவணியில் கழற்றினது. புரட்டாசியில் சத்தம். ஞாயிறு ராத்திரி நான் கேட்டேன், நீங்கள் ஒன்றும் இல்லை என்றீர்கள். சரி, போகட்டும்.

செங்கோட்டை பட்டறை
செவ்வாய், இரவு 8.50

சரி செய்யும்போது சில விஷயம். மூன்றாவதை மட்டும் மாற்றாதீர்கள், எல்லாப் போல்ட்டும் ரப்பரும் புதிதாகப் போடுங்கள். போல்ட் தலையில் பலத்தைக் காட்டும் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும், நைலான் வைத்த லாக் நட் போடுங்கள். ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் பெரிய தடித்த வாஷர் வேண்டும், ரொம்ப மோசமென்றால் அந்தப் பிராக்கெட்டையே மாற்ற வேண்டும். ரப்பருக்குப் பதில் பழைய டயர் துண்டை வெட்டி வைப்பார்கள், விடாதீர்கள். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு கனம், தொட்டி ஆடும்.

முக்கியமாக, யாராவது “எதுக்குண்ணே போல்ட்டு, ரெண்டு இடத்துல பத்தவச்சிட்டா தொல்லை விட்டுச்சு” என்பார்கள். சேஸில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். சூடு பட்ட இடத்தில் சேஸ் பலம் இழக்கும், முறுக்கல் எல்லாம் அந்த ஓரத்தில் கூடி, சில மாதத்தில் அங்கிருந்தே விரிசல் விடும். புதிதாக ஓட்டை போடவும் கூடாது. லோடோடு 500 கிலோமீட்டர் ஓடின பிறகு எல்லாவற்றையும் ஒரு தடவை மறுபடி டைட் பாருங்கள். புது ரப்பர் அமுங்கும்.

ஏலக்காய்
செவ்வாய், இரவு 9.05

ஒரு சந்தேகம். 1,100 கிலோ என்று நீங்கள் சொல்வது சீட்டுக் கணக்கா, உண்மைக் கணக்கா? ஓவர்லோடு பிடித்தால் சட்டப்படி 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதோடு லோடையும் இறக்கச் சொல்வார்கள்.

கம்பம் லோடு
செவ்வாய், இரவு 9.11

உண்மைக் கணக்குதான். முகூர்த்த நாளில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதை இங்கே எழுத முடியாது.

கம்பம் லோடு
சனி, இரவு 8.40

வேலை முடிந்து இரண்டு நாள் ஓட்டிவிட்டேன். எட்டுப் போல்ட், எட்டு ரப்பர், வாஷர், கூலி எல்லாம் சேர்த்து 1,650 ரூபாய். கழற்றியபோது மூன்றாவது போல்ட் நடுவில் பாதி தேய்ந்து இடுப்பு மாதிரி ஆகியிருந்தது. எதிரே இருந்த ரப்பர் கையில் எடுத்ததும் பொடிந்துவிட்டது. பற்றவைக்கலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள், வேண்டாம் என்றேன்.

நேற்று 1,150 கிலோ, இன்று 900. லோயர் கேம்பிலிருந்து குமுளி வரை ஜன்னலை ஏற்றிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். ஒன்றுமில்லை. கழற்றின பழைய பால் ஜாயின்ட் இரண்டும் வீட்டில்தான் இருக்கின்றன. ஆட்டிப் பார்த்தேன், கல் மாதிரி இருக்கிறது, ஆட்டமே இல்லை. யாருக்காவது வேண்டுமா?

பட்டைக்காரன்
சனி, இரவு 9.00

பட்டைக்கு ஆயில் அடித்தீர்களா?

கம்பம் லோடு
சனி, இரவு 9.02

இல்லை அண்ணே.

போடி மெட்டு 17
சனி, இரவு 9.15

டின் என்ன ஆச்சு?

கம்பம் லோடு
சனி, இரவு 9.21

வண்டியில்தான் இருக்கிறது. மூடியை அரைத் திருகு தளர்த்தி வைத்தேன். சத்தம் வரவில்லை, ஆனால் நான்காவது வளைவில் தண்ணீர் தளும்பித் தம்பியின் வேட்டி முழுக்க நனைந்துவிட்டது. நாளைக்குப் பிளாஸ்டிக் கேன் வாங்க வேண்டும்.

போடி மெட்டு 17
சனி, இரவு 9.24

அதையும் இறுக்கி மூடினால் உப்பும் அண்ணே. சத்தம் வராது, அவ்வளவுதான்.